துருவ இரவும் சாப்பாட்டு மேசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அண்டார்டிகாவில் ஒரு வருடம் தங்கிவிட்டு வருபவரிடம் எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு உடை உண்டு, சூடேற்றிய கட்டடம் உண்டு, இரவு பகலாக ஓடும் ஜெனரேட்டர் உண்டு. தூக்கம் கெடுவதற்கும், தினம் அதே முகங்களோடு ஒரே மேசையில் உட்காருவதற்கும் அப்படி ஒரு கவசம் கிடையாது. இன்றைய பேச்சு இந்த இரண்டைப் பற்றியது.

நம் நாட்டின் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் சோலை என்ற பாறைப் பகுதியில் 1989 முதல் இயங்குகிறது. குளிர்காலத்தில் தங்குவோரை அங்கே விண்டர் டீம் என்பார்கள். விஞ்ஞானி, மருத்துவர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையற்காரர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 பேர். கோடை முடிந்து கப்பல் திரும்பிவிட்டால் அடுத்த கோடை வரை போக்குவரத்து இல்லை. மே கடைசியில் மறைகிற சூரியன் ஜூலை கடைசியில்தான் மறுபடி தலைகாட்டும்.

‘வெளியே போக வழியில்லை’ என்பதன் முழுப் பொருளையும் அறிய மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரஷ்ய நிலையமான நோவோலாசரெவ்ஸ்கயாவைப் பார்த்தால் போதும். 1961 ஏப்ரல் 30 அன்று அங்கிருந்த ஒரே மருத்துவரான லியோனிட் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. மரத்துப்போகும் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டு, ஒருவர் கருவிகளை எடுத்துத் தர, இன்னொருவர் கண்ணாடியைப் பிடிக்க, தன் வயிற்றைத் தானே திறந்து அறுவை செய்து பிழைத்தார். அவர் துணிச்சலை உலகம் மெச்சியது. ஆனால் பல்வலி வந்தாலும், ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்தாலும், இங்கிருந்து நகர முடியாது என்ற அதே கணக்கு அங்கிருக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் தூக்கத்துக்கு வருவோம். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக 24 மணி நேரக் கடிகாரம் அன்று. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது தினமும் திருத்திக்கொள்ளும். சூரியனே வராத மாதங்களில் திருத்த ஆளில்லை. இன்று 11 மணிக்கு வந்த தூக்கம் சில நாளில் 12 ஆகும், பிறகு 2 ஆகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸ்தான் தரும். வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும்.

இதற்காகத்தான் 10,000 லக்ஸ் விளக்கு. காலை எழுந்ததும், சாப்பிடும்போதே, அரை மணி நேரம் அதன் முன் உட்கார வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம், முகத்தில் பட்டால் போதும். பலருக்கு இது பலிக்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தூரம்: 30 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் தருகிற விளக்கு, 60 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட கால் பங்குதான் தரும். அறை மூலையில் மாட்டிவைத்தால் அது வெறும் அலங்காரம். இரண்டு, நேரம்: சோர்வாக இருக்கிறதே என்று இரவு 8 மணிக்குப் போட்டுக்கொண்டால் கடிகாரம் இன்னும் பின்னால் தள்ளிப்போகும். இதோடு, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். மதியத்துக்குப் பிறகு காபி கூடாது.

வெளிச்சத்தின் அருமையை முதலில் உணர்ந்தது 1898இல், அண்டார்டிகப் பனியில் சிக்கிய பெல்ஜிகா கப்பலின் மருத்துவர் ஃபிரடெரிக் குக். சோர்ந்து விழுந்த மாலுமிகளை ஆடையில்லாமல் அடுப்பின் முன் உட்காரவைத்தார், பென்குயின் இறைச்சியையும் சீல் இறைச்சியையும் தின்னவைத்தார். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை இறைச்சி தீர்த்தது. அடுப்பு எவ்வளவு தீர்த்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

உயரமான நிலையங்களில் சிக்கல் இரட்டிப்பு. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிராணவாயு குறைவு. தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, திணறலோடு மீண்டும் வரும், ஆள் விழித்துக்கொள்வார். காலையில் கேட்டால் ‘எட்டு மணி நேரம் படுத்திருந்தேன்’ என்பார். தூங்கியது எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது.

தூக்கம் கெட்டவரை மேசையில் அடையாளம் காணலாம். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும், பார்வை சுவரைத் தாண்டி எங்கோ இருக்கும், கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவார். சொல்ல வந்த சொல் மறந்துபோகும். ஜெர்மனியின் நோய்மாயர் நிலையத்தில் 14 மாதம் இருந்த 9 பேரின் மூளையைப் படம் பிடித்து ஒப்பிட்டபோது, நினைவோடு தொடர்புடைய ஒரு சிறு பகுதி சராசரியாக 7 சதவீத அளவு சுருங்கியிருந்தது. ஒன்பதே பேர் என்பதால் பெரிதாகப் பயப்படவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம்.

அடுத்து, மேசை. அங்கே சண்டைகள் பெரிய விஷயத்துக்கு வருவதில்லை. ஒருவர் சூப்பை உறிஞ்சுகிற சத்தம், இன்னொருவர் கதவைச் சாத்துகிற விதம், கடைசி ஊறுகாய் பாட்டிலை யார் காலி செய்தது என்பது. முதல் மாதம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் எட்டாம் மாதம் முகத்தைத் திருப்பவைக்கும். பாதி தாண்டிய பிறகு வரும் இந்தச் சரிவை ‘மூன்றாம் கால்பகுதி’ என்பார்கள். எல்லா ஆய்விலும் அது தெளிவாகத் தெரிவதில்லை என்றாலும், காரணம் புரியக்கூடியதே: ஜூன் 21 நடுக்குளிர்கால விருந்து வரை எதிர்பார்க்க ஒன்று இருந்தது, அதன் பின் மீதமிருப்பது ஏறக்குறைய கடந்துவந்த அளவே.

ஆகவே தலைவர் செய்ய வேண்டியது, சிறு கொண்டாட்டங்களை ஆகஸ்ட், செப்டம்பருக்கென்று ஒதுக்கிவைப்பது. நல்ல சாமான்களில் ஒரு பெட்டியை அதுவரை திறக்காமல் வைப்பது. இரவு உணவாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று முதல் வாரமே விதி வைப்பது. பாத்திரம் கழுவும் முறையில் விஞ்ஞானியும் தலைவரும் விலக்கு இல்லை. விஞ்ஞானிகள் ஒரு பக்கம், ஜெனரேட்டர் பார்ப்பவர்களும் சமையற்காரர்களும் மறு பக்கம் என்று மேசை பிரிந்தால் பிறகு ஒட்டவைப்பது கடினம். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறவரை ஒரு நாள் விடலாம். மூன்றாம் நாள் மருத்துவர் கதவைத் தட்ட வேண்டும்.

யாரை அனுப்புவது? கலகலப்பானவரே ஏற்றவர் என்று தோன்றும். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன: வேலையில் தேர்ச்சி, மன நிதானம், பிறரோடு ஒத்துப்போதல் மூன்றும் வேண்டும், கூடவே, பிறர் கவனத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதவர் நன்றாகத் தாங்குகிறார். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனநோய் வருவது அமெரிக்க நிலையங்களில் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். திரும்பிய பிறகு முன்னைவிடத் தெம்பாக இருப்பவர்களும் உண்டு.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. திரும்பி வருபவருக்கு முதல் இரண்டு வாரம் கல்யாணம், காதுகுத்து என்று கூட்டத்தில் நிறுத்தாதீர்கள். போக்குவரத்து இரைச்சல், வாசனை, நிறம் எல்லாம் ஒரே நேரத்தில் மோதும். அவர் இல்லாத வருடத்தில் வீட்டு வரவு செலவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை மறுநாளே அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வெயிலில் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; போகும்போது, எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று இரண்டு வாரத்துக்குக் குறித்த தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.