யுவான் ஷிகாய் வெள்ளி டாலர்: அசலை அறிவது, விலையைக் கணிப்பது

[திரையில்: நாணயத்தின் தலைப்பக்கம், மெதுவாகத் திரும்புகிறது]

சீன வெள்ளி நாணயம் சேர்க்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் டிராகன் நாணயத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். எங்கள் யோசனை வேறு. முதலில் இந்த ஒன்றை வாங்குங்கள்: 1914 முதல் அடிக்கப்பட்ட, சீனக் குடியரசின் அதிபராக இருந்த யுவான் ஷிகாயின் தலை பொறித்த ஒரு யுவான். கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கிடைக்கிற அசலில் கண்ணைப் பழக்கியவருக்குத்தான் அரிய நாணயம் கைக்கு வரும்போது போலி எது என்று பிடிபடும்.

சிங் வம்சம் முடிந்து குடியரசு வந்த 1912-ல் சீனச் சந்தையில் ஒரே பணம் என்று எதுவும் இல்லை. மெக்சிகோவின் கழுகு டாலர், பழைய ஸ்பானிய டாலர், மாகாணங்கள் தனித்தனியாக அடித்த டிராகன் டாலர், தோணி வடிவ வெள்ளிக் கட்டி எல்லாம் கலந்து ஓடின. நம் பம்பாய் நாணயச் சாலையில் அடித்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர்கூட அங்கே செல்லும். வெள்ளியின் தரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால், காசு பார்க்கும் சராப்புகள் சோதித்துச் சிறு முத்திரை குத்துவார்கள். பழைய டாலர்களில் இன்றும் நீங்கள் காணும் குட்டிக் குட்டிக் குத்துகள் அவைதான்.

இதை ஒழுங்குபடுத்த 1914 பிப்ரவரியில் சட்டம் வந்தது. தியான்ஜின் நாணயச் சாலையில் வேலை பார்த்த இத்தாலியச் செதுக்குநர் லுய்ஜி ஜோர்ஜி அச்சைச் செதுக்கினார். யுவான் ஷிகாய் 1916 ஜூனில் இறந்த பிறகும் அடிப்பது நிற்கவில்லை. எடையும் தரமும் சொன்னபடி இருந்ததால் மக்கள் அந்தத் தலையை நம்பினார்கள். 1950-களில் திபெத்தில் செலவழிப்பதற்காகக் கம்யூனிச அரசே இதை மறுபடி அடித்தது.

[திரையில்: தலைக்கு மேலுள்ள எழுத்து வரிசை, பெரிதாக]

ஆண்டைப் படிக்கச் சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் வளைவாக உள்ள எழுத்துகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் அது குடியரசின் 3-ஆம் ஆண்டு, அதாவது 1914. இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது எழுத்தில் மூன்று படுக்கைக் கோடுகள் தெரியும். ஏழு எழுத்துகள் இருந்தால் 8, 9, 10-ஆம் ஆண்டுகளில் ஒன்று. அப்போது இடமிருந்து மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். ஒன்றையொன்று தொடாமல் விரிந்து நிற்கும் இரண்டு கோடுகள் என்றால் 8. கூட்டல் குறி என்றால் 10. இரண்டுமில்லாமல் வலக்கோடி கொக்கி போல் வளைந்திருந்தால் 9. எந்த ஆண்டானாலும் 1911-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்: 1919, 1920, 1921. நான்கில் 8-ஆம் ஆண்டுதான் அரிது.

ஏழு எழுத்துகளோடு 3-ஆம் ஆண்டு என்று ஒரு நாணயம் வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி அளவுகள். குறுக்களவு சுமார் 39 மி.மீ. சட்டப்படி எடை 26.86 கிராம், புழங்கித் தேய்ந்தவை 26.4 வரை இறங்கும். 26-க்குக் கீழே போனால் தேய்மானம் கண்ணுக்கே தெரிய வேண்டும். மயிரிழைகள் கூர்மையாக இருக்கிற நாணயம் 25 கிராம் காட்டினால் அது போலி. வெள்ளி 89 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் செம்பு.

எடை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போலி அடிப்பவரும் தராசு வைத்திருக்கிறார். மலிவு உலோகத்தில் 26.8 கிராம் கொண்டுவர அவர் நாணயத்தைத் தடிமனாக்கியாக வேண்டும். அதைப் பிடிப்பது அடர்த்திச் சோதனை. வீட்டிலேயே செய்யலாம்.

[திரையில்: தராசு, தண்ணீர் டம்ளர், தூண்டில் நரம்பு]

0.01 கிராம் வரை காட்டும் தராசு தேவை. 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது. ஏன் என்று கடைசியில் புரியும். முதலில் நாணயத்தை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 26.60 என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிஸ்டில்டு வாட்டர் பாதி நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கவாட்டையோ தொடக் கூடாது. தொட்டால் நாணயத்தின் எடையும் சேர்ந்துவிடும். இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. அசல் என்றால் 2.58-ஐ ஒட்டி இருக்கும். 26.60-ஐ 2.58-ஆல் வகுத்தால் 10.3. 89 சதவீத வெள்ளிக் கலவையின் அடர்த்தி அதுதான்.

வெண்செம்பு எனப்படும் செம்பு நிக்கல் கலவை என்றால் ஏறக்குறைய 2.99 காட்டும், அடர்த்தி 8.9. பித்தளை என்றால் 3.13, அடர்த்தி 8.5. வெள்ளி முலாம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இந்த எண் மாறாது. அடர்த்தி 9.9, 10.0 என்று இரண்டுங்கெட்டானாக வந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஓரப் பற்களில் காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருந்தால் இப்படிக் குறைத்துக் காட்டும். மெதுவாக ஒருமுறை தூக்கி இறக்கி மறுபடி பாருங்கள். 0.1 கிராம் தராசில் இதே நாணயம் 2.5 என்றும் காட்டலாம், 2.6 என்றும் காட்டலாம். முதலாவதுக்கு 10.64, இரண்டாவதுக்கு 10.23. அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? சோதனை முடிந்ததும் மென்மையான பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

காந்தச் சோதனை வேகமானது, ஆனால் பாதிக் கதைதான் சொல்லும். நாணயத்தை 45 பாகை சாய்த்து, சிறிய நியோடிமியம் காந்தத்தை அதன் மேல் விட்டால், வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு. சர்ரென்று வழுக்கிப் போனால் சந்தேகப்படுங்கள். சீனாவில் நாணயத்தின் நடுவை இரண்டு நகங்களுக்கிடையே பிடித்து, ஓரத்தில் ஊதிக் காதருகே வைத்துக் கேட்கும் பழக்கம் உண்டு. வெள்ளி மெல்லிசாக ரீங்கரிக்கும். காது பழகியவர்களுக்கு அது சரி. மேசையில் சுண்டிப் போட்டு ஓசை கேட்பது மட்டும் வேண்டாம், ஓரம் அடிபடும்.

நகைக்கடைக்கு எடுத்துப் போனால் உரைகல்லில் உரைக்கவோ அமிலம் வைக்கவோ விடாதீர்கள். அந்த ஒரு உரசல் நாணயத்தின் சேகரிப்பு மதிப்பைக் கெடுத்துவிடும். காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 88 முதல் 90 வரை வெள்ளி வர வேண்டும். 99 என்று வந்தால் மகிழ வேண்டாம். ஒன்று மேலே முலாம், அல்லது இன்றைய தூய வெள்ளியில் அடித்த நகல்.

[திரையில்: காதுக்கு மேலுள்ள தலைமுடி, 10 மடங்கு லென்ஸில்]

எல்லாச் சோதனையிலும் தேறிவிடும் போலிகளும் உண்டு. அசல் கலவையிலேயே, அசல் நாணயத்திலிருந்து அச்செடுத்து அடித்தவை. இங்கே லென்ஸ் மட்டும்தான் துணை. பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

காதுக்கு மேலுள்ள தலைமுடி. அசலில் ஒவ்வொரு இழையும் தனியாக எழுந்து, நுனியில் மெலிந்து முடியும். தேய்ந்த நாணயத்தில் இழைகள் மேலே தட்டையாகும், ஆனால் பள்ளத்தில் கூர்மை மிச்சமிருக்கும். போலியில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கியிருக்கும். நேர்மையான தேய்மானம் மேட்டில்தான் விழும் என்பதை மனத்தில் வையுங்கள்.

எழுத்துகளின் பக்கச் சுவர். தளத்திலிருந்து செங்குத்தாக எழ வேண்டும். வார்ப்பு நாணயத்தில் எழுத்தின் அடி வழிந்து தளத்தோடு கரைந்திருக்கும்.

வெற்றுத் தளம். அச்சு விழும் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். அதன் தடமாக மிக நுண்ணிய ஆரக்கோடுகள் நிற்கும். விளக்கொளியில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளிப் பட்டைகள் சக்கரம் போல் சுற்றி வருவது அந்தக் கோடுகளால்தான். நகல் அச்சில் அடித்த போலியில் இந்த ஒளி உறங்கிப் போயிருக்கும். அங்கங்கே கொப்புளம் போன்ற புள்ளிகள் எழுந்திருக்கும். இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே நகல் அச்சில் பிறந்தவையாக இருக்கலாம். விற்பவரிடம் நாலைந்து இருந்தால் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பாருங்கள்.

ஓரம். வாங்கும்போது பலர் பார்க்காத இடம், போலி செய்பவர் மெத்தனமாக விடும் இடமும் அதுதான். பற்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில், விளிம்புக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். நடுவில் இழுத்த கோடு போல் இணைப்பு தெரிந்தால் அது இரண்டு பாதிகளை ஒட்டிய வார்ப்பு.

சரி, விலைக்கு வருவோம். அடிமட்ட விலை வெள்ளி. 26.6 கிராமில் 89 சதவீதம், அதாவது 23.67 கிராம் தூய வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அதற்குக் கீழே யாரும் விற்க மாட்டார்கள் என்ற எல்லை கிடைக்கும். அதற்கும் கீழே ஒருவர் தந்தால் அது சலுகை அல்ல, எச்சரிக்கை.

அதற்கு மேல் விலையை ஏற்றுவது தரமும் அச்சு வகையும். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரண்டு நிறுவனங்களும் 70 வரையுள்ள அளவுகோலில் தரமிட்டு, சீல் வைத்த பிளாஸ்டிக் கூட்டில் தருகின்றன. 60-லிருந்து மேலே புழங்காத நாணயம். எங்கள் கணிப்பில் 3-ஆம் ஆண்டு சாதாரண வகையில் பணம் போடத் தகுந்த இடம் 50-களின் மேல்பாதி. முடியிழை எல்லாம் தெரியும், விலை இன்னும் எட்டுகிற தூரத்தில் இருக்கும். 60-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை தாவும். அந்தப் படிகளின் வித்தியாசம் புதியவர் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டில் எண்ணுக்குப் பதில் ‘டீடெய்ல்ஸ்’ என்று இருந்தால், நாணயம் அசல், ஆனால் சுத்தம் செய்தது அல்லது சேதமடைந்தது என்று பொருள். எண்ணுள்ள நாணயத்தின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். கூட்டிலும் போலி வந்துவிட்டது. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு உங்கள் நாணயத்தின் கறையையும் கீறலையும் ஒப்பிடுங்கள். எண் பொருந்துவது போதாது. படம் பொருந்த வேண்டும்.

அச்சு வகைகள் ஒரு கடல். பல நகரங்களில் அடித்தும் ஊர்க் குறி போடாததால் வேறுபாடுகள் நுணுக்கமானவை. பின்பக்கம் தானியக் கதிர் வளையத்துக்குள் இருக்கும் கீழ் எழுத்தில், உள்ளே உள்ள சிறு பெட்டி முக்கோணமாகத் தெரிந்தால் அது ‘முக்கோண யுவான்’, சாதாரணத்தைவிட விலை கூடும். தலையின் இருபுறமும் கான்சு மாகாணத்தின் பெயர் பொறித்தது உண்மையிலேயே அரிது. அதனாலேயே சாதாரண நாணயத்தில் எழுத்தை ஒட்டி விற்கும் வேலை நடக்கிறது. கூடு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

விலை தேடும்போது விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஸ்டாக்ஸ் பவர்ஸ், ஹெரிடேஜ் போன்ற ஏலக் கூடங்களின் பழைய பதிவுகளில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே ஆண்டு, அதே வகை, அதே தரம், கடந்த ஒன்றிரண்டு வருடங்களுக்குள். அந்தத் தொகையில், ஏலக் கூடம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் விற்கும்போது அது உங்கள் கைக்கு வராது.

கை பழகியபின் அடுத்த நாணயம் எது? எங்கள் தேர்வு பாய்மரக் கப்பல் டாலர். 1933, 1934 நாணயங்கள் எளிதில் கிடைக்கும். 88 சதவீத வெள்ளி, 26.70 கிராம். 1932 வகையில் கப்பலுக்கு மேல் மூன்று பறவைகளும் பக்கத்தில் உதயசூரியனும் உண்டு. ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்து, ஷாங்காயையும் தாக்கியிருந்த நேரம் அது. பறவைகள் போர் விமானங்களாகவும் சூரியன் ஜப்பானியச் சின்னமாகவும் தெரிந்ததால் அடுத்த ஆண்டே நீக்கினார்கள். ஆகவே பறவையோடு 22 அல்லது 23-ஆம் ஆண்டு என்று வந்தால் அது போலி. 23-ஆம் ஆண்டு எண்ணோடு 1949-ல் அமெரிக்க நாணயச் சாலைகளில் 3 கோடி அடித்தார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல் விபூதி, புளி, பற்பசை எதையும் இதில் தொடாதீர்கள். முன்பு சொன்ன ஆரக்கோடுகளை அவை அறுத்துவிடும். பளபளப்பு மிஞ்சும், சக்கரம் போல் சுற்றும் ஒளி போய்விடும். கருமை படிந்தால் படியட்டும், சீராகப் படிந்த கருமைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் சில வருடங்களில் பச்சையாகப் பிசுபிசுப்பு வரும், அது வெள்ளியை அரிக்கும். வந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் சில நிமிடம் ஊறவைத்து எடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகாது, அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. மைலார் உறையோ கெட்டி அக்ரிலிக் டப்பாவோ வாங்கி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். உறையின் மேல் எடை, தண்ணீரில் காட்டிய எண், வாங்கிய தேதி, கொடுத்த விலை நான்கையும் எழுதி ஒட்டுங்கள். விற்கப் போகும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.