கையில் வெண்ணெய் இருக்கிறது
(திருச்சியில் விமானப் பயணிகள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ஐயா அன்றைக்குக் கரும்பலகையில் உலகப் படம் வரைந்தால், முதலில் திருச்சிக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் லண்டனுக்குப் போவார். அந்தப் புள்ளியைப் பற்றித்தான் நானும் பேச வந்திருக்கிறேன். வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த அண்ணாச்சிக்கும், காலையிலிருந்து நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் நன்றி. செயலாளர் அவர்கள், திருச்சி ஓடுதளத்தை நீட்டக் கேட்கும் நம் மனுவோடு மூன்று முறை டெல்லி போய் வந்தவர். அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

இந்திய விமான நிறுவனங்களும் நெடுந்தூரப் பயணமும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். மூன்று செய்தி சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, வாங்கப்போகிற விமானம். இரண்டு, அதற்கான பணமும் விமானிகளும். மூன்று, அது எந்த ஊரிலிருந்து கிளம்பப்போகிறது என்பது.

இண்டிகோ 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று இருக்கை என்ற சின்ன ஏர்பஸ்ஸை வைத்தே நாட்டில் முதலிடத்துக்கு வந்த நிறுவனம் அது. அவர்களே 2024 ஏப்ரலில் முப்பது ஏ350-900 பெரிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2025 ஜூனில் இன்னும் முப்பது வேண்டும் என்றார்கள். அவை வந்து சேரும்வரை காத்திருக்க மனமில்லாமல், நார்வே நாட்டு நிறுவனத்திடம் போயிங் 787-ஐக் குத்தகைக்கு எடுத்து, 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனார்கள். ஏர் இந்தியாவும் 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமானங்களில் நாற்பது இதே ஏ350 குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த ஏ350-இன் உடம்பில் பாதிக்கு மேல் கார்பன் இழை. அதனால் எடை குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு 15,000 கிலோமீட்டர் இறங்காமல் போகும். சென்னையிலிருந்து லண்டன் எட்டாயிரத்துச் சொச்சம். அதற்கு அது பாதித் தூரம்தான்!

சென்னையில் 12,000 அடி ஓடுதளம் இருக்கிறது. பயணிகள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸும் லுஃப்தான்சாவும் ஐரோப்பாவிலிருந்து வந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. நம் நாட்டு விமானமோ ஐரோப்பா போக வேண்டுமென்றால் மும்பைக்கு வா, டெல்லிக்கு வா என்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? இன்னொன்றும் கேளுங்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள் தெற்கே திரும்பி, அரபிக் கடல்மேல் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. தெற்கே இருக்கிற சென்னையிலிருந்து கிளம்பினால் அரபிக் கடல் வழி அவ்வளவு விலகல் இல்லை. நமக்குச் சுற்று குறைவு.

சரி, என் அம்மா கதையைச் சொல்கிறேன். 2019-இல் என் தங்கைக்கு மான்செஸ்டரில் பிரசவம். அம்மாவுக்கு அப்போது 71 வயது, முழங்கால் வலி. எனக்கு விசா கிடைக்கவில்லை, தனியாகத்தான் அனுப்பினேன். திருச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து வளைகுடாவில் ஓர் ஊர், அப்புறம் வேறு விமானத்தில் மான்செஸ்டர். ஒரு சீட்டில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி அம்மா கையில் கொடுத்தேன்: “நான் மான்செஸ்டர் போக வேண்டும். எனக்குத் தமிழ் மட்டும் தெரியும்.” கீழே என் நம்பர், தங்கை நம்பர். அம்மா அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். தோளில் ஒரு மஞ்சள் பை. அதில் பிரசவ லேகியம், ஒரு டப்பா முறுக்கு.

சென்னையிலேயே விமானம் மூன்று மணி நேரம் தாமதம். வளைகுடாவில் போய் இறங்கியபோது மான்செஸ்டர் விமானம் கிளம்பிப் போயிருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு தூணோரம் உட்காரவைத்துவிட்டார்கள். ஒன்பது மணி நேரம். வருகிற போகிறவர்களிடமெல்லாம் முந்தானையை அவிழ்த்துச் சீட்டைக் காட்டி, திரும்ப முடிந்திருக்கிறார். இங்கே நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தேன். கடைசியில், நாற்காலி தள்ளுகிற ஒரு பையன் நின்று பார்த்திருக்கிறான். சீட்டை அல்ல, பையை! அதில் நம் சின்னக்கடைத் தெரு ஜவுளிக்கடைப் பெயர் தமிழில் அச்சடித்திருந்தது. “ஆத்தா, திருச்சியா? நான் புதுக்கோட்டை” என்றானாம். அதற்குமேல் அவன்தான் பார்த்துக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான், எனக்குப் போன் போட்டான், அடுத்த விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டான். அம்மா முறுக்கு டப்பாவை அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டார்.

மான்செஸ்டரில் இறங்கி என்னிடம் பேசியபோது, குழந்தையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. “ஏம்ப்பா, இவ்வளவு பெரிய ப்ளேனு நம்ம ஊருக்கு நேரா வராதா?” என்றுதான் கேட்டார்.

அம்மாவுக்கு நான் அன்று சொல்லாத பதில் இதுதான். நம் திருச்சி ஓடுதளம் எட்டாயிரம் அடிக்குச் சற்றே கூடுதல். ஏ350 எரிபொருளை முழுக்க நிரப்பினால் 280 டன் வரை வரும். அந்தக் கனத்தோடு, நம் சித்திரை வெயிலில் காற்று லேசாகிக் கிடக்கும்போது, இந்த நீளத்தில் ஓடி எழும்ப முடியாது. 2012-இல் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி கிடைத்தது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி புது முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். கோபுரமும் கோலமுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் 12,500 அடிக்கு நீட்டவேண்டிய ஓடுதளம், பாதுகாப்புத் துறை நிலம், தனியார் நிலம் என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது. முனையம் என்ற வெண்ணெய் கையில் இருக்கிறது, உருக்குவதற்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடாதா?

இன்னொரு விஷயம். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று விமான நிறுவனங்கள் பயணச்சீட்டை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் பார்க்கின்றன. தஞ்சாவூர், கரூர், பெரம்பலூர் ஆட்கள் பஸ் பிடித்துச் சென்னை போய் ஏறினால், அவர்கள் சென்னைப் பயணிகள். நம் ஊர்க் கணக்கில் ஒருவரும் வரமாட்டார்கள். முடிந்தவரை திருச்சியிலிருந்தே பயணச்சீட்டு எடுங்கள்.

நிலம் கொடுக்கவேண்டிய குடும்பங்களில் சிலர் இங்கே பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் வீடும் தோட்டமும் போகிறது. சந்தை விலையும் மாற்று மனையும் கையில் கிடைத்த பிறகுதான் அவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதை மனுவின் முதல் பத்தியாகவே எழுதியிருக்கிறோம்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பணம், விமானிகள் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கடைசியாக எந்த ஊரில் இறங்கி விமானம் மாறினீர்கள் என்று மூன்று கட்டம். முதல் கையெழுத்து அம்மாவுடையது, மூன்றாவது கட்டத்தை மறக்காமல் நிரப்பியிருக்கிறார். நீங்களும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.