கிடங்கில் சரக்கு உண்டு, கதவுதான் பூட்டு

ரத்தசோகை என்றதும் முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்பு மாத்திரை என்று கை போகிறது. முடக்குவாதமோ நாள்பட்ட சிறுநீரக நோயோ இருப்பவருக்கு மூன்று மாதம் மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் அசையாமல் நிற்பதுண்டு. உடனே, "மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று அவரைத்தான் குடைகிறோம்!

தினமும் சிவப்பணு செய்ய 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து குடல் எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதியெல்லாம் கிழட்டுச் சிவப்பணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் திருப்பித் தருவது. குடலிலும் சரி, அந்தச் செல்களிலும் சரி, இரும்பு வெளியேற ஒரே கதவு: ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், 25 அமினோ அமிலம் கொண்ட குட்டி ஹார்மோன், அதில் போய் ஒட்டினால் செல் அந்தக் கதவையே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். 2004-இல் தெளிவான விஷயம் இது. அழற்சி வந்தால் அதன் சேதி சொல்லும் புரதமான இன்டர்லூகின்-6 ஏறும். கல்லீரல் ஹெப்சிடினைக் கொட்டும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பட்டினி போடும் தந்திரம். பத்து நாள் காய்ச்சலுக்குச் சரி, பத்து வருட மூட்டு வீக்கத்துக்கு?

ஆய்வக ரிப்போர்ட்டில் ஏமாறும் இடம் ஃபெரிட்டின், இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியிலும் அது ஏறும். முடக்குவாதம் உள்ள 60 கிலோ பெண்மணி: ஹீமோகுளோபின் 8.5, ஃபெரிட்டின் 85, டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு இரும்பு ஏறியிருக்கிறது என்பது) 12 சதவீதம். 85 என்பதற்கு எதிரே 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். நம்பாதீர்கள். அழற்சி இருக்கையில் ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, செறிவு 20-க்குக் கீழே என்றால் கிடங்கிலும் சரக்குக் குறைவுதான்.

முதலில் மூட்டுவாதத்தை அடக்க வேண்டும். அதுவே ஹெப்சிடினை இறக்கும். கூடவே ரத்தக்குழாய் வழி ஏற்றும் இரும்பு. எவ்வளவு? எட்ட வேண்டிய ஹீமோகுளோபின் 15-லிருந்து இருக்கும் 8.5 போக 6.5, அதை எடை 60-ஆலும் கணக்கின் மாறா எண் 2.4-ஆலும் பெருக்கினால் 936. சேமிப்புக்கு 500 கூட்டினால் 1,436 மில்லிகிராம். இரண்டு தவணையாக ஏற்றலாம். சீழ், கடும் காய்ச்சல் என்று தொற்று கொதிக்கும்போது ஏற்றாதீர்கள்.

அழற்சி லேசாக இருந்து மாத்திரையே போதுமென்றால், ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரே வேளை. 60 மில்லிகிராம் விழுங்கினாலே ஹெப்சிடின் ஒரு நாள் வரை ஏறி நிற்கும். மாலையில் போடும் இரண்டாவது மாத்திரை வயிற்றைப் புரட்டுவதோடு சரி.

சிறுநீரக நோயில், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எரித்ரோபொயட்டின் ஊசியும் உண்டு. அதில் ஹீமோகுளோபின் 11.5-ஐத் தாண்ட விடாதீர்கள். 13-ஐக் குறிவைத்த பெரிய ஆய்வில், 2009-இல், பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்கானது.

ஒன்று விட்டுப்போயிற்று. ரத்தக்குழாய் வழி ஏற்றும் இரும்பு மருந்துகளில் ஒன்றான ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றியபின் உடம்பு அசதி, எலும்பு வலி என்று வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டைப் பாருங்கள். அந்த மருந்து அதைச் சிறுநீரில் இறக்கிவிடும்.