மூடுபல்லக்கில் வந்தவர்கள்

(வீராணம் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில், நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, களைபறிப்பு நேரத்திலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, என்னிடம் ஏழாம் வகுப்பில் தமிழ் படித்து இன்று எனக்கே மாலை போடும் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் நூலகர் தம்பி அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் இலவசமாகத் தந்த இளைஞர் நற்பணி மன்றத்துப் பிள்ளைகளே, பின்னால் இடமில்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் இந்த மேடையில் ஏறுகிறவர்களுக்குப் பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள். அவர்கள் அதை இந்த நூலகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். தலைவர் ஐயா தலையாட்டுகிறார். ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்கிறேன்.

'பிறப்பு மறைக்கப்பட்ட அரச குமாரர்கள்: வரலாற்று நாவல்களை நாம் ஏன் வாசிக்கிறோம்?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, மறைந்த பிறப்பு என்றால் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை. இரண்டு, கல்வெட்டுக்கும் கதைக்கும் உள்ள உறவு. மூன்று, இந்த நாவல்களில் எனக்குள்ள ஒரு மனத்தாங்கல்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்: நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது. ஆறு எங்கே பிறந்தது, முனிவர் யாருக்குப் பிறந்தார் என்று தோண்டாதே. ஆற்றில் குளி, முனிவரை வணங்கு, அதோடு போ. நம் வீராணத்தையே பாருங்கள். கொள்ளிடத்தில் கீழணை, அங்கிருந்து வடவாறு, வடவாற்றிலிருந்து நம் ஏரி. முழு மட்டம் 47.5 அடி. இந்தத் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடிக்கிற சென்னைக்காரர்கள் மூலம் கேட்டுவிட்டா குடிக்கிறார்கள்?

ஆனால் கதை என்று வந்துவிட்டால் நமக்கு மூலம் தெரிந்தே ஆக வேண்டும். கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட நாளிலிருந்து இதுதான் நிலைமை. தேரோட்டி வீட்டில் வளர்கிற பிள்ளை யார் பிள்ளை என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியும் நேரத்துக்காகத் தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். நளன் உருமாறி வாகுகன் என்ற பெயரில் அடுப்படியில் நிற்கிறான். சமையலின் ருசியை வைத்தே இது நளன் கைப்பக்குவம் என்று தமயந்தி கண்டுபிடிக்கிறாள். அந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது எந்தப் பிள்ளையும் ஜன்னல் பக்கம் திரும்பியதில்லை.

இந்தச் சரக்கைப் பத்திரிகைத் தொடர்கதைக்குள் கொண்டுவந்து வீடு வீடாகச் சேர்த்தவர் கல்கி. 'பார்த்திபன் கனவு' கதையில் நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன், தேவசேனன் என்ற இரத்தின வியாபாரியாக மாமல்லபுரத்துத் தெருவில் நடந்து வருகிறான். பல்லவச் சக்கரவர்த்தியோ சிவனடியார் வேடத்தில் திரிகிறார். 1950இல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' நம் ஏரிக்கரையிலேயேதான் தொடங்குகிறது. ஆடிப்பெருக்கு நாள், குதிரை மேல் வந்தியத்தேவன். அன்று இரவு கடம்பூர் மாளிகையில் சதிக் கூட்டம். பழுவேட்டரையரின் இளைய ராணி நந்தினி இருப்பதாக ஊரே நினைத்திருந்த மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளே இருந்து இறங்குகிறவர் இளவரசர் மதுராந்தகர்! இந்த வகைக் கதை எல்லாவற்றுக்கும் அந்தப் பல்லக்குதான் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். உள்ளே யார் என்று நாம் நினைக்கிறோமோ, அவர் உள்ளே இல்லை.

இங்கே நான் ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970களின் கடைசி. நான் எட்டாம் வகுப்பு. என் அம்மா நடவு ஆள். எழுத்து ஒன்றும் தெரியாது, கைநாட்டு. நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த 'பொன்னியின் செல்வன்' புத்தகத்தை ஒருநாள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவர், 'முதல்லேருந்து படிடீ' என்றார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியாயி வந்தார். அடுத்த வாரம் ஆறு பேர். சாப்பிட்டு முடித்து, திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்து, ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம். கொசுவுக்கு வேப்பிலைப் புகை. அதில் எனக்குக் கண் எரியும். நிறுத்தினால் விடமாட்டார்கள்.

கதை திண்ணையோடு நிற்கவில்லை, வயலுக்கும் போயிற்று. நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டே, நந்தினி நல்லவளா கெட்டவளா என்று சண்டை. ஒருத்தி, 'அவ பொறப்பு தெரியாம அவள ஏசாத' என்பாள். இன்னொருத்தி, 'பொறப்பு தெரியாட்டி கொலைக்குக் கத்தி தூக்கலாமாடி?' என்பாள். கரையில் நின்ற மேஸ்திரி, நந்தினி என்பது யாரோ பக்கத்து ஊர்ப் பெண் என்று நினைத்து, 'ஊர்ப் பொண்ணப் பத்தி இப்படிப் பேசாதீங்கம்மா' என்று கண்டித்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான்கு பாகம் முடிந்தது. ஐந்தாம் பாகம் நூலகத்தில் இல்லை! எடுத்துப் போனவர் வேலை மாற்றலாகி ஊரை விட்டே போய்விட்டார். அவரைத் திட்டாதவர் எங்கள் தெருவில் இல்லை. ஏழு மாதம். நடவு முடிந்து, களை முடிந்து, அறுவடையே முடிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அம்மா சிதம்பரத்துக்கு வைத்தியத்துக்குப் போனார். மருந்துச் சீட்டுக்குப் பின்னால் என்னை 'ஐந்தாம் பாகம்' என்று எழுதித் தரச் சொல்லி எடுத்துப் போய், கீழ வீதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை நீட்டியிருக்கிறார். மேலட்டை இல்லாத ஒரு பிரதி கிடைத்தது. இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுத்து வாங்கி, முந்தானையில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வாங்க வேண்டிய மருந்து பாதிதான் வாங்கியிருந்தார்.

அன்று இரவு திண்ணை நிரம்பிவிட்டது. வாசித்தேன், பல நாள் வாசித்தேன். தஞ்சாவூரில் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூ கட்டிக்கொடுத்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை, பேச வராத, காது கேளாத வாணிதான் அவனை எடுத்து வளர்த்தவள் என்று வந்த இடத்தில், திண்ணையில் மூச்சுச் சத்தம் இல்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 'பூக்காரப் புள்ள ராசாவா!' என்று ஒருத்தி தொடையில் தட்டிக்கொண்டாள்.

பெரியாயி மட்டும் பேசவில்லை. கடைசியில் கேட்டார்: 'பட்டம் கட்டுற எடத்துல அந்த வாணி எங்க நின்னா?'

நான் பக்கங்களைப் புரட்டினேன். முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

'பாரு, நல்லாப் பாரு' என்றார். பிறகு மெல்ல, 'நானும் பெத்துக்கல. வளத்தேன்' என்றார்.

கைக்குழந்தையோடு அவர் எங்கள் ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, அவருக்குப் பேரன் பேத்தி. அவர் பெற்ற பிள்ளை இல்லை என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. விளக்குத் திரியை இறக்கிவிட்டு அம்மா எழுந்தார். பெரியாயியின் தோளைத் தொட்டார். எல்லோரையும் பார்த்து, 'நதிமூலம் ரிஷிமூலம் கேக்கப்படாது. படுக்கப் போங்க' என்றார். மறுநாள் வயலில் யாரும் அதைப் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அந்தத் திண்ணையிலிருந்து அந்தச் சொல் வெளியே போகவே இல்லை. பெரியாயியும் அவர் மகனும் காலமாகிவிட்டார்கள். பெயரை இன்றும் சொல்ல மாட்டேன்.

இனிக் கல்வெட்டு. கதையில் பிள்ளை மாறிப்போகிறது, சேந்தன் அமுதன்தான் உத்தம சோழனாகப் பட்டம் கட்டிக்கொள்கிறான். செப்பேடும் கல்வெட்டும் அப்படிச் சொல்லவில்லை. செம்பியன் மாதேவியாரைப் பற்றிக் கல்லில் வெட்டியிருப்பது 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்று. திருவயிறு வாய்த்த! எவ்வளவு அழகான சொல். பெற்றவள் பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் கல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு, சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வளர்த்தவள் ஒருத்தியைக் கற்பனையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நந்தினி முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவன் பெயர் உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையாரின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் இருக்கிறார். இங்கிருந்து பேருந்தில் போகிற தூரத்தில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று' துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களோடு, அவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசுகிற கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகால சோழன் என்பது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன். கொலைக்கான காரணத்தை அந்தக் கல் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் கல்கி நந்தினியை உட்கார வைத்தார். மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்கள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும். வாடகை வண்டிக்கு என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன்.

இந்த நாவல்களில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஏன் எப்போதும் பூக்காரப் பிள்ளை ராஜா பிள்ளையாகவே இருக்க வேண்டும்? நல்ல குணம் இருந்தால் அரச ரத்தம் இருக்கும் என்று ஒரு நினைப்பை இந்தக் கதைகள் நமக்குள் ஊட்டிவிடுகின்றன. சேந்தன் அமுதன் பூக்காரனாகவே இருந்திருந்தாலும் அவன் பாடிய தேவாரம் தேவாரம்தான். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, பள்ளியில், கல்யாணத்தில், டீக்கடையில் மூலம் கேட்கிற ஊர்தானே இது? என் பிள்ளைப் பருவத்தில், வாசலோடு நில் என்று எங்களிடம் சொன்ன இடங்கள் இருந்தன. யாருடைய பிள்ளை என்று கேட்காமல் உள்ளே வந்து உட்கார் என்று சொன்ன ஒரே கட்டடம் இந்த நூலகம். அங்கே கேட்டது முகவரி, வைப்புத்தொகை, கையெழுத்து. அவ்வளவுதான்.

அதனால்தான் கேட்கிறேன். இந்தப் பகுதி நேர நூலகம் காலை 9 மணிக்குத் திறந்து 12 மணிக்குப் பூட்டப்படுகிறது. 9 மணிக்கு நடவுக்காரி வயலில் நிற்கிறாள். பிள்ளை பள்ளியில் நிற்கிறது. பூட்டிய பிறகுதான் இருவரும் வீடு திரும்புகிறார்கள். பிறகு யாருக்காகத் திறக்கிறோம்? நூலகர் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் நேரம் அது. நாம் கட்டுகிற வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலக இயலின் தந்தை ரங்கநாதன் பிறந்த சீர்காழி நமக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரைதான். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமத்துக்குக் கிராமம் அனுப்பினார்கள். வயலிலிருந்து ஆள் வீடு திரும்பும் நேரம் பார்த்து வண்டி வந்து நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன். மாடு நடந்து வந்த காலத்தில் முடிந்தது, இன்றைக்கு ஒரு சாவியை மாலை 5 மணிக்குத் திருப்புவதற்கு முடியாதா?

இதை ஊர்ப்புற நூலகமாக உயர்த்த வேண்டும். மாலை 5 முதல் 8 வரை திறக்க வேண்டும். மூன்று மனு போட்டுவிட்டோம், பதில் இல்லை. நான்காவது மனு இதோ என் கையில். ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடைக்கு வருமுன்பே சொல்லிவிட்டார், அவருக்கு என் நன்றி. வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருங்கள். வீட்டுப் பரணில் பைண்டு செய்த பழைய தொடர்கதை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு இருக்கிற பக்கங்கள் அவை. கரையான் அரித்திருந்தாலும் கொண்டுவாருங்கள், நான் ஒட்டித் தருகிறேன்.

அம்மா வாங்கிவந்த மேலட்டை இல்லாத அந்த ஐந்தாம் பாகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். புகை பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. பட்டம் கட்டும் அத்தியாயத்தின் ஓரத்தில், நான் வாணியைத் தேடித் தேடிப் புரட்டிய இடத்தில், மண்ணெண்ணெய்க் கறை ஒன்று இருக்கும். அதைத் துடைக்க வேண்டாம். தம்பி, பதிவேட்டில் இதற்கு ஓர் எண் போட்டு, அலமாரியில் மற்ற நான்கு பாகங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்காக மனுவின் பக்கத்திலேயே மை டப்பாவும் வைத்திருக்கிறேன். வேப்பமரத்தடியில் நிற்கிற தாய்மார்கள் முதலில் வாருங்கள்.

வணக்கம்.