கடைசியில் வருபவரின் வேகம்

நண்பர்களே, வணக்கம்.

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றதும் மலையேறியது, எல்லை தாண்டியது என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசத் தோன்றும். நான் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், வண்டியில் மூட்டை, நூறு கிலோமீட்டர் தூரம். கிளம்பிய குழு சாயங்காலம் வரை குழுவாகவே இருந்ததா? எனக்கு அதுதான் முக்கியம்.

காலையில் எல்லோருக்கும் கால் துறுதுறுவென்று இருக்கும். நாள் கெட்டுப்போவதும் அந்த நேரத்தில்தான். முன்னால் போகிறவர் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், கடைசி ஆளுக்கு 18தான் தோது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். முன்னவர் ஒரு மரத்தடியில் நின்று 13 நிமிடம் காத்திருப்பார். தண்ணீர் குடிப்பார், காலை நீட்டுவார். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்பார். யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வு கிடைப்பதில்லை. நாள் முழுக்க இப்படியே நடந்தால், மாலையில் அந்த மனிதர் யாரோடும் பேசமாட்டார்; மறுநாள் வண்டியை ஏதாவது வாகனத்தில் ஏற்றிவிடலாமா என்று யோசிப்பார். கடைசி ஆள் காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்தது காற்று. மேட்டையாவது கண்ணால் பார்க்கலாம், ஏறி முடித்தால் இறக்கம் வரும். எதிர்காற்று அப்படியில்லை. சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டாலே நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்குத்தான் போகிறது. காற்றில்லாத நாளிலும் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நெருங்கிப் போனால் பின்னால் வருகிறவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சம். குழுவாகப் போவதன் அருமை இங்கேதான் தெரியும். வலுவுள்ளவர் முன்னால் அதிக நேரம் நிற்கலாம், களைத்தவர் நிழலில் ஒதுங்குவதுபோல் நடுவில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அப்படிப் போவதைப் பழக வேண்டும். முன் வண்டியின் பின்சக்கரத்தையே வெறித்துப் பார்க்கக் கூடாது. அவர் தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் சற்றே விலகினாலும் சக்கரங்கள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். முன்னால் இருப்பவர் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. குழியைக் கையால் காட்ட வேண்டும், குரலும் கொடுக்க வேண்டும். அந்தச் சைகை ஒருவர் விடாமல் கடைசி வரை போய்ச் சேர வேண்டும்.

சாப்பாட்டை ரொம்ப நீட்டவில்லை. விடாமல் வேகமாக மிதித்தால் உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்து இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தீரத் தொடங்கிவிடும். அதனால் பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். சிடுசிடுப்பு வந்தால் அதற்குப் பசிகூடக் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் பஞ்சர். மதிய வெயிலில் ஒருவருக்கு டயர் இறங்கினால் அவசரமாக டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பும் குழுக்கள் உண்டு. சிறிது தூரத்தில் அதே சக்கரம் மறுபடி இறங்கும். டயரைக் கழற்றி, உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிச் சுற்றிலும் தடவ வேண்டும். லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ரப்பருக்குள் நின்றிருக்கும். விரல் நுனியில் சுருக்கென்று படும்போதுதான் அகப்படும். வெளியே எடுக்க நகம் போதாது, சிறு இடுக்கி வேண்டும். இதை ஒருவர் செய்யும்போது மற்றவர்கள் நின்றால் பரவாயில்லை, சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

1976-ல் அமெரிக்காவில், நாட்டின் இருநூறாவது ஆண்டையொட்டி, நான்காயிரத்துக்கும் அதிகமானோர் கோடை முழுக்கச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சுமார் 6,800 கிலோமீட்டர். பலர் சிறு சிறு குழுக்களாகவே போனார்கள். அவ்வளவு தூரத்தையும் ஒருவர் ஒரேயடியாக மிதிக்க முடியாது. இன்றைய நாள் நன்றாக முடிந்தால்தான் நாளை வண்டியில் ஏற மனம் வரும்.

அதனால்தான் குழுவின் கடைசி இடத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். அங்கே வருகிறவருக்குப் பஞ்சர் போடத் தெரிய வேண்டும், வழி தெரிய வேண்டும், கூடவே பொறுமையும் வேண்டும். யாரையும் முந்தாமல், யாரையும் விரட்டாமல் வர வேண்டும். அதனால் குழுவிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவரை அங்கே போடுங்கள். ஒரே ஆள் தலையில் தினமும் கட்டாதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். நாளை யார் என்பதை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். படுத்த பிறகு கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள்.