கஜானாவும் பெயர்ப் பட்டியலும்

(மதுரையில் வணிகர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசியதைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, வணிகப் பெருமக்களே,

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு மாநிலத்தை நடத்திச் செல்வதையும், பிறகு அதன் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவதையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மாநிலத்தை நடத்தியவன் அல்லன். கருவூலத்தில் உட்கார்ந்து பில்லுக்குக் கையெழுத்துப் போட்டவன். ஆகவே கோட்டை மாடியில் நின்று பார்ப்பதுபோல் என்னால் பேச முடியாது. பணம் எங்கிருந்து வந்தது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதைத்தான் பேசுவேன்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் ஊரில் நிகழ்ந்தது. 2020 மார்ச் 25, அரசு இராசாசி மருத்துவமனை. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். அன்று மாலை விளக்குத்தூண் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை என்பதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள்.

மருத்துவத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதில் நமக்கு முன்னோர் தேடி வைத்த சொத்து இருந்தது. பொதுச் சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1939இல். மருந்து வாங்குவதற்கென்று தனிக் கழகம் 1994இல் வந்தது. பல மாநிலங்கள் விரைவுப் பரிசோதனையைக் கொண்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிய நாளில், இங்கே ஆர்டிபிசிஆர் சோதனையையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதே நாளில்தான் நம் தோப்பூரில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் திறக்கப்பட்டன. தாமதம் என்பவர்களும் சரி, வேகம் என்பவர்களும் சரி, அந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனிப் பணம். ஒரு மாநில அரசால் நோட்டு அடிக்க முடியாது. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி விகிதத்தைத் தானாக மாற்றவும் முடியாது. சொந்தமாகக் கைவைக்க மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி. ஊரடங்கில் வண்டி ஓடவில்லை, பத்திரம் பதியவில்லை, டாஸ்மாக் திறக்கவில்லை. வரவு வரும் வாசல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சாத்தப்பட்டன. 2020 மே 7 அன்று சென்னை நீங்கலாக மதுக்கடைகளைத் திறந்ததும், மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்குக் கஜானாவின் கையாலாகாத்தனம்தான் தெரிந்தது. கடைகளை முதலில் திறந்த மே 7க்கு மூன்று நாள் முன்புதான் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசு வரியை ஏற்றியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் புதிய அரசு 3 ரூபாய் குறைத்தது. மிச்சம் 25 காசு யார் கணக்கு என்று கேட்டுவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி இழப்பீடு என்று ஒன்று இருந்தது. வருவாய் ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டு, குறைந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஈடு செய்வோம் என்று மத்திய அரசு சட்டமே போட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டி மன்றம் கூடியபோது, இது கடவுளின் செயல் என்றார் ஒன்றிய நிதி அமைச்சர். முதலில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு தாங்களே வாங்கி மாநிலங்களுக்குக் கைமாற்றினார்கள். கடன் வரம்பை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5ஆக உயர்த்தினார்கள். ஆனால் கூடுதலாகத் தந்த 2 சதவீதத்தில் நிபந்தனை இல்லாதது அரை சதவீதம் மட்டுமே. மீதிக்கு ரேஷன், மின்வாரியம், உள்ளாட்சி, தொழில் உரிமம் என்று சீர்திருத்தப் பட்டியல். பிணியில் கிடப்பவனிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்ட கதை.

இது நமக்குப் புதிதும் அல்ல. தாது வருடப் பஞ்சத்தில், 1877இல், செலவைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று வேலை செய்கிறவன் பிழைக்க மாட்டான் என்று எழுதிச் சண்டை போட்டார். அளவு பிறகுதான் கூட்டப்பட்டது. பணப்பெட்டி ஓரிடத்திலும் பசி வேறிடத்திலும் இருந்தால், இடையில் கார்னிஷ் போன்ற ஒருவர் வேண்டியிருக்கிறது.

பணம் இல்லாத அரசு என்ன செய்யும்? கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போடும். 2020இல் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு 60. ஊழியர் நலன் என்று சொல்லப்பட்டது. கருவூலக்காரனுக்குத் தெரியும், அந்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்களுக்கு மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடையைத் தள்ளி வைக்க அதைவிட நாகரிகமான வழி கிடையாது. அதற்கான விலையை வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் கொடுத்தார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இவ்வளவு வறட்சியிலும் பசி பெரிதாகப் பரவவில்லையே, ஏன்? நான் சொல்ல வந்தது இதுதான்: பேரிடரில் ஓர் அரசின் பலத்தை அதன் கஜானாவை வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். அது யார் யாரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். 1997இல் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று ரேஷனை மத்திய அரசு பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் அட்டை. வீண் செலவு என்று பொருளாதாரம் படித்தவர்கள் நிறையவே எழுதினார்கள். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுக்க வேண்டி வந்தபோது புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. டோக்கன் எழுதி வீடு வீடாகக் கொடுத்தால் போதும். ஜூன் கடைசியில் மாநகராட்சியோடு பரவை பேரூராட்சியும் மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களும் முழுதாக முடக்கப்பட்டபோதும் அதே கடை, அதே அட்டை. 2021இல் ஆட்சி மாறியது. 4,000 ரூபாய் இரண்டு தவணையாகவும் 14 வகை மளிகையும் 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்குப் போயின. முதலமைச்சர் யாராக இருந்தாலும் அவருக்கு முன்னால் அந்தக் கடை திறந்திருந்தது. இரு கட்சிக்காரர்களும் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம்.

ஆனால் அட்டை குடும்பத்தின் வயிற்றை அறியும், தொழிலை அறியாது. நம் ஊரையே பாருங்கள். 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. ஊரே செல்பேசியில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டது. அழகர் அந்த ஆண்டு வைகைக்கு வரவில்லை, அடுத்த ஆண்டும் வரவில்லை. பக்திக்கு நேர்ந்த குறையை அழகர் பார்த்துக்கொள்வார். அப்போது புதுமண்டபத்தில் இருந்து அழகர் வேடத்துக்கு உடுப்புத் தைத்தவர்கள், தண்ணீர் பீய்ச்சும் தோல் தோப்பை செய்கிறவர்கள், நாதசுரம், தவில், கரகாட்டக் குழுக்கள், பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராக வள்ளி திருமணம் நடிக்கிற நாடகக்காரர்கள், தொடுத்த பூவை முழம் போட்டு விற்கிற பெண்கள்: இவர்களுக்கு ஆண்டு வருமானமே அந்தச் சில மாதங்கள்தான். முன்பணமாகக் கடன் வாங்குவார்கள், சீசன் முடிந்து அடைப்பார்கள். இரண்டு சீசன் போயிற்று.

ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்கலாம் என்றது. வங்கி, நிதி நிறுவனக் கடனுக்கு மட்டும். தண்டல்காரர் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைப் படிப்பதில்லை. சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தரவாதக் கடன் என்றார்கள். ஏற்கெனவே வங்கியில் நிலுவை உள்ளவருக்கு அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. கடனே இல்லாதவனுக்கு? தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் அந்த ஜூனில் வந்தது. நல்ல திட்டம்தான். வாங்க வேண்டுமானால் மாநகராட்சியின் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, நல வாரியங்கள் இருக்கின்றன, வாரிய உறுப்பினர்களுக்கு நிவாரணமும் வந்தது. ஆனால் புதுப்பிக்காத அட்டை செல்லாது. பசி வந்த பிறகு பதிவு செய்ய ஓடினால் அலுவலகமே பூட்டிக் கிடந்தது.

சரி, மீட்சிக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 9 அன்று, நம் மதுரை மத்தியத் தொகுதியின் அன்றைய உறுப்பினர் பழனிவேல் தியாகராஜன் நிதி அமைச்சராக வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் என்ற வரி மட்டும் ஊரெல்லாம் பரவியது. எனக்கு அந்த வகுத்தல் கணக்குப் பிடிக்கவில்லை. எந்தக் குடும்பத்துக்கும் அந்த நோட்டீஸ் வராது. கடனை வகுத்தவர்கள் அந்தக் கடனில் கட்டிய பாலத்தையும் பள்ளியையும் வகுத்துக் காட்டவில்லை. ஆனாலும் கணக்கை மேசையில் வைத்தது நல்ல காரியம். 62,000 கோடியை ஒட்டி இருந்த வருவாய்ப் பற்றாக்குறை, 2023 மார்ச் பட்ஜெட் உரையின் திருத்திய மதிப்பீட்டில் சுமார் 30,000 கோடிக்கு இறங்கியது. கஜானா எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள். நாடகக்காரர் கடனை அடைத்துவிட்டார் என்பது அந்த எண்ணில் இல்லை.

அரசுக்குப் பெயர் திரட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு ரேஷன் கடைவாரியாக முகாம் போட்டு, வருமானம், நிலம், மின்கட்டண யூனிட் வரை ஒத்துப் பார்த்து, 1 கோடியே 6 லட்சம் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களில் முடிந்தது. அதே முகாமில் 'என்ன தொழில், எந்த மாதத்தில் வருமானம், யாரிடம் கடன்' என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால், அடுத்த முறை ஊர் பூட்டப்படும்போது யாருக்கு அரிசி, யாருக்கு வட்டியில்லாக் கைமாற்று என்று கூட்டுறவு வங்கியில் அன்றே தெரியும். நான் கேட்பது அவ்வளவுதான். இதற்கு நோபல் பரிசு வாங்கியவர் இருக்கும் ஆலோசனைக் குழு தேவையில்லை. அப்படி ஒரு குழுவும் 2021இல் அமைத்தார்கள். அதில் இருந்தவர்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அரசைப் பேசியாயிற்று. உங்களையும் கொஞ்சம் பேசலாமா?

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, நூறு பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களில், பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளக்காரர்களாக இருந்தால், முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் மத்திய அரசே வருங்கால வைப்பு நிதியில் கட்டியது. நம் வெளிவீதிகளிலும் மாசி வீதிகளிலும் அதை வாங்கியிருக்கக்கூடிய கடைகள் ஏராளம். வாங்கியவை எத்தனை? இருபது பேர் இருந்தால் பி.எப்., பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்பதால், பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் வைத்திருந்தோம். (அரங்கில் சிரிப்பு.) சிரிக்காதீர்கள், அந்தச் சீட்டில் இருந்த பிள்ளைகள் அப்போது கடைக்கு வெளியே நின்று உங்களிடமே கைமாற்றுக் கேட்டார்கள். நீங்களும் கொடுத்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு அரசு கட்டியிருக்க வேண்டிய பணம் அது.

நல வாரிய விண்ணப்பப் படிவங்கள் ஒரு கட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். வாசல் பக்கம் உள்ள மேசையில் இருக்கின்றன. கடை ஆள்களை நாளை மாலை அனுப்பினால் நிரப்பிக் கொடுக்க இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆதாரும் ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் எடுத்து வரச் சொல்லுங்கள்; முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை மட்டும் நீங்கள் மறக்காமல் நிரப்பி அனுப்புங்கள். வணக்கம்.