'உம்'மும் 'கா'வும்
(மட்டக்களப்பில் உயர்தர வகுப்புத் தமிழ் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, இடைச்சொல் என்றதும் 'உம்'முக்குப் பொருள் எட்டு, ஓகாரத்துக்கு ஆறு என்று பாடமாக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். சோதனைக்கு அது போதும். ஆனால் எட்டையும் ஒப்புவிக்கிற பிள்ளைக்குச் சில வேளை ஓர் 'உம்' என்ன செய்கிறது என்று தெரிவதில்லை.

"போடியார் கடன் வாங்கினார்." (போடியார் என்றால் நிறைய வயல் உள்ள நிலக்காரர்.) இது வெறும் செய்தி. "போடியாரும் கடன் வாங்கினார்." இப்போது அந்த வருட வேளாண்மை என்ன ஆனது என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. மழையைப் பற்றியோ வட்டை என்கிற வயல்வெளியைப் பற்றியோ நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஓர் 'உம்' பேசியது. இலக்கணத்தில் இதற்குச் சிறப்பும்மை என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை.

இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனக்கென்று தனி இயல்பு இல்லை என்கிறார் தொல்காப்பியர். சொல்லுக்கு முன்னும் பின்னும் வந்தாலும் பெரும்பாலும் இடையிலே வருவதால் இந்தப் பெயர் என்பது சேனாவரையர் உரை. சரி, இடையில் வருகிறதுதானே என்று தூக்கிவிடலாமா? அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை எடுங்கள். "சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே." கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். அந்த 'மன்' என்ற இடைச்சொல்லை எடுத்துவிட்டால் அதியமான் இன்னும் உயிரோடு இருப்பான். அது கழிந்துபோயிற்று என்பதைச் சுமக்கிறது அந்த ஒரு சொல்தான்.

அப்புறம் நம்முடைய 'கா'. "என்னகா", "இரிகா" என்கிறோமே. வெளியூர்க்காரர் சிரிப்பார்கள், நீங்களும் வெட்கப்படுவீர்கள். தொல்காப்பியத்தில் இடைச்சொல்லைப் பற்றிய இடையியலில் அசைநிலை ஏழு என்று ஒரு பட்டியல் உண்டு: யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது. இரண்டாவது என்ன? கலித்தொகையில் "காண்டிகா" என்று வருகிறது, எதிரே இருப்பவரைப் பார்த்து. இரண்டுக்கும் பிறப்பு ஒன்றோ இல்லையோ, வேலை ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அசைநிலைக்குப் பொருள் இல்லை என்பார்கள். "இரிகா" என்பதில் 'கா'வை எடுத்துப் பாருங்கள். உறவு போய்க் கட்டளைதான் மிஞ்சும்.

வட்டாரச் சொல் திரட்டுகிறவர்கள் முதலில் மீன் பெயரையும் வயல் கருவிகளையும் எழுதிக்கொள்கிறார்கள். நல்ல வேலை. நீங்கள் திரட்டும்போது முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து. 'கா' என்று தனியே எழுதி வைத்தால் அது ஓர் எழுத்து, அவ்வளவுதான்.